ஆறுமணிக்குருவிக்கு வெளிநாட்டு முத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களக்காட்டுக்காரன், வாழை விவசாயி. தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் போன வாரம் 'வீட்டுக்குள் புகுந்த அபூர்வ வெளிநாட்டுப் பறவை' என்று படத்துடன் ஒரு செய்தி வந்திருந்தது. ராத்திரி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த பறவையை ஊரே திரண்டு பார்த்ததாகவும், காலையில் வனத்துறையிடம் ஒப்படைத்ததாகவும் போட்டிருந்தீர்கள். தெருப் பெயர், வீடு எந்தக் கோயிலுக்கு எதிரே என்பது வரைக்கும் விவரமாக இருந்தது. பறவையின் பெயர் மட்டும் இல்லை.

படத்தைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே இறங்கும். சில பறவைகள் இலங்கை வரைக்கும் போகும். சித்திரை வாக்கில் திரும்பிவிடும். இதில் வெளிநாடு எங்கே வந்தது? அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலிலும் அது இல்லை. கலர் கலராக எது வந்து விழுந்தாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிற பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு எப்படி வந்ததோ!

சரி, வருஷந்தோறும் வருகிற பறவை ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? என் தோட்டத்தில் கிணற்றை ஒட்டி ஒரு பழைய மாமரம், நாலைந்து நொச்சி, கீழே முழங்கால் உயரத்துக்குப் புதர். வாழைச் சருகையும் மாவிலையையும் அந்த இடத்தில் மட்டும் கூட்டுவதில்லை. விடியற்காலை மோட்டார் போடப் போகும்போது குரல் கேட்கும். இரண்டே சுரத்தில் தெளிவாக ஒரு சீட்டி, மறுபடி ஒன்றோ இரண்டோ. அதற்குப் பிறகு பகலில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொரு தடவை. சீட்டி அடிக்கத் தாழ்ந்த கிளையில் ஏறி உட்காரும், அடுத்த நிமிஷம் தரைக்கு இறங்கிவிடும். நாம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம், அது நம் காலுக்குப் பத்தடி தள்ளிச் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். அலகால் ஒரு இலையைத் தூக்கித் தள்ளும், அசையாமல் நிற்கும், இரண்டு தத்து தத்தி அடுத்த இலைக்குப் போகும். மைனாவைவிடச் சின்னது, கால் மட்டும் நீளம். முதுகுப் பச்சை நிழலோடு கலந்துவிடும். இருக்கிறதோ இல்லையோ என்கிற அந்தக் குட்டை வால் மேலும் கீழும் ஆடும்போதுதான் அடிவயிற்றுச் சிவப்பு தெரியும். கண்ணுக்கு மை தீட்டியது போலப் பட்டையாக ஒரு கறுப்புக் கோடு. எழுந்து பறந்தால் இறக்கையில் நீலமும் வெள்ளையும் ஒரு கணம், அப்புறம் புதர்தான்.

இதைப் படம் பிடிக்கத்தான் சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் தம்பிகள் வருகிறார்கள். பாதிப் பேர் பொறுமைசாலிகள். மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால் கொசு கடித்தாலும் கையை ஆட்ட மாட்டார்கள். மீதிப் பேர் வண்டியை விட்டு இறங்கும்போதே செல்போனையும் சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துவிடுவார்கள், இதே பறவையின் சீட்டியைப் போட்டு வெளியே வரவழைக்க. "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை போட்டுக்கிடுதேன்" என்று போன தை மாதம் ஒருவர் கெஞ்சினார். "போட்டீர்னா கேட்டை இப்பமே பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. வந்த இடத்தில் ஒவ்வொரு குருவியும் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மேயும். ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் இன்னொருவன் உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்து, மேய்ச்சலை விட்டுவிட்டுச் சண்டைக்கு வெளியே வரும். அது புழு பூச்சி தேடுகிற நேரத்தில் இப்படிப் பத்துப் பேர் பத்து நாள் கூப்பிட்டால் அது சாப்பிடுவது எப்போது? ஸ்பீக்கர் போடாமலே அந்தத் தம்பிக்கு எட்டு மணிக்குள் படம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கள் செய்தி வந்த மறுநாள், அந்தத் தெருவில் இரண்டு கார் வந்து நின்று, பறவை எங்கே எங்கே என்று வீடு வீடாக விசாரித்தார்களாம். அந்தப் பக்கம் பெண் கொடுத்திருக்கிற என் மச்சினர் சொன்னார். பறவையைத்தான் முந்தின நாளே வனத்துறை கொண்டுபோய்விட்டதே! அது கூடாக இருந்திருந்தால் என்ன கதி ஆகியிருக்கும்?

தேடி அலைவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 1848-இல் ஜெர்டான் என்கிற வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடித்த ஒரு பறவை, ஜெர்டான் கோர்சர் என்றே பெயர், 1900-க்குப் பிறகு யார் கண்ணுக்கும் தட்டுப்படாமல், அற்றே போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1986-இல் ஆந்திராவில் கடப்பைப் பக்கத்து முட்காட்டில் அது மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடிக்கொண்டிருந்தபோது அதைக் கையில் பிடித்துக் கொடுத்தவர் அந்த ஊர் வேட்டைக்காரர் ஒருவர். அபூர்வம் என்று எழுதினால் அதற்கு எழுதலாம். நம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலேயே தவளைவாயன் என்கிற ராத்திரிப் பறவை இருக்கிறது, பகலெல்லாம் கிளையோடு கிளையாக உட்கார்ந்திருக்கும், காட்டிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அடியில் நின்றாலும் தெரியாது. அதற்கு அபூர்வம் என்று எழுதினாலும் ஒத்துக்கொள்வேன்.

ஜன்னலில் மோதிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குருவி ராத்திரியில்தான் நெடுந்தூரம் பறந்து வருகிறது. களைத்துப்போய் இறங்குகிற நேரத்தில் வெளிச்சம் கண்ணைக் குழப்பும். இப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில்கூட முக்குக்கு முக்கு ஹைமாஸ் விளக்கு, புது வீடுகளில் ஆளுயரக் கண்ணாடி. மோதி மயங்கிக் கிடந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் பக்கத்துப் புதரில் விடலாம். ரத்தம் வந்தாலோ இறக்கை தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதுதான். கூண்டில் போட்டு வளர்க்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம், 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. தாங்கள் போட்ட படத்தில் ஒரு பையன் இரண்டு இறக்கையையும் விரித்துப் பிடித்துக் காட்டுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கூட நின்ற பெரியவர்கள் சொல்லியிருக்கலாம்.

கூந்தன்குளத்தில் ஊரே பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. 1994-இல் சரணாலயம் ஆனது, இப்போது ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே ஆயிரக்கணக்கில் வரும், குளத்துக்கரையில் நின்றாலே தெரியும். தனியாக வருகிற இந்தக் குருவிக்கு நாம் பார்வைக் கோபுரம் ஒன்றும் கட்ட வேண்டாம், வேலியோரத்தில் நாலு முழம் புதரும் சருகும் விட்டால் போதும். அதுதான் குறைந்துகொண்டே வருகிறது. வேலியைப் பிடுங்கிவிட்டுச் சிமெண்டுத் தூண், கம்பி. சருகைக் கூட்டித் தீ வைப்பது. "தோட்டத்தைச் சுத்தமா வைக்கவே மாட்டீரா?" என்று என்னையே கேட்கிறார்கள். பாம்பு வரும் என்று என் வீட்டுக்காரிக்கும் பயம், அது நியாயமான பயம்தான். அதனால் நடைபாதையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், மோட்டார் போடப் போனால் டார்ச்சும் பூட்ஸும் உண்டு. கிணற்று மூலையில் மட்டும் கை வைப்பதில்லை.

ஐப்பசி முடிய இன்னும் நாள் இருக்கிறது, குருவிகள் வந்துகொண்டேதான் இருக்கும். அட்டைப்பெட்டி விவரத்தைப் பறவையின் சரியான பெயரோடு இந்த வாரமே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் உபகாரமாக இருக்கும். படம் வேண்டுமானால் அந்தத் தம்பிகளிடம் கேட்டு நல்லதாக ஒன்று வாங்கித் தருகிறேன். எடுத்த இடத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
களக்காடு.