மேய்கிற கோழிக்கும் தடுப்பூசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"மேய்கிற நாட்டுக்கோழிக்கு நோயே அண்டாது, அடைத்து வளர்க்கிற கோழிக்குத்தான் ஊசியும் மருந்தும்" என்ற பேச்சை ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இன்றும் கேட்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காப்பித் தோட்டத்துச் சருகைக் கிளறி, கரையானும் கீரையும் தின்று திரிகிற கோழி திடமாகத்தான் இருக்கிறது. மண்ணில் வளரும் குஞ்சு ரத்தக்கழிச்சல் கிருமியைச் சிறுகச் சிறுகத் தின்று, அதை எதிர்க்கும் சக்தியையும் பெற்றுவிடுகிறது. கம்பிக்கூண்டில் வளர்ந்த குஞ்சுக்கு அது கிடைப்பதில்லை. பிறகு தரையில் இறக்கிவிட்டால் சுருண்டு விழுகிறது.

நெருக்கி அடைப்பதும் கேடுதான். ஒன்றையொன்று கொத்திக்கொண்டு ஓயாத மிரட்சியில் வாழும் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி குன்றிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூடுபனிக்குக் கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் காய்வதே இல்லை. ஈரக் கூளத்தின் அம்மோனியா நெடி, குனிந்து பார்க்கும் நம் கண்ணையே கரிக்கிறது. இரவு முழுக்க அதையே சுவாசிக்கும் கோழியின் மூச்சுக்குழல் புண்ணாகாமல் என்ன செய்யும்? பகலில் மேய்ச்சல், இரவில் காற்றோட்டமான, காய்ந்த கொட்டகை என்பதுதான் மலைக்கு ஏற்ற முறை.

ஆனால் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயிடம் எந்த மேய்ச்சலும் பலிக்காது. சந்தையிலிருந்து வாங்கி வந்த ஒரே ஒரு சேவல் போதும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, சில நாட்களில் வீட்டுக் கோழி மொத்தமும் போய்விடும். சிறுவிடை, பெருவிடை என்று நாட்டுக்கோழி ரகம் பார்த்து வருகிற நோய் இல்லை அது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, இவை இரண்டும் முக்கியமான காப்பு.

கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, நல்ல காரியம். ஆனால் பத்து மணிக்கு மேல் வந்தால் கோழியெல்லாம் தோட்டத்தில் இருக்கும், யார் துரத்திப் பிடிப்பது? கரைத்த மருந்தும் அதிக நேரம் தாங்காது. முதல் நாளே ஊரில் சொல்லிவிட்டு, பஞ்சாரத்தைத் திறக்கும் முன் விடிகாலையில் வந்தால் ஒன்று விடாமல் போட்டுவிடலாம்.

சித்திரையில் பொரிக்கிற குஞ்சுகள் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை மலைக் கிராமங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகங்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.