எந்த விலாசத்துக்கு அனுப்ப?

அல்சூர், பெங்களூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க சோமேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். காகிதத்தில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் என்றால் நீ "வேலையா இருக்கேன்ப்பா" என்கிறாய், நான் "சரிம்மா, சாப்பிடு" என்கிறேன், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். புரட்டாசியில் உனக்கு ஒரு பார்சல் போட்டேன். வந்து சேரும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று உன்னிடம் சொல்லவில்லை. அது ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. இந்த விலாசத்தில் இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. கொண்டுபோனவர் கதவு மாற்றித் தட்டியிருப்பார். அடுக்குமாடியில் அப்படி நடப்பதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டி கடையில் என் மேஜைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே இருந்த கண்ணாடித் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நான் செய்த தட்டு பாப்பா. கண்ணாடி உருக்கும் உன் கரண்ட் சூளையில் செய்தது.

முட்டி வலி வந்ததிலிருந்து நான் சைட்டுக்குப் போவதில்லை. தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். ரிங் ரோடு பக்கம் ஆபீஸ் வேலை நிறைய எடுக்கிறான். அதெல்லாம் டஃபண்ட் கண்ணாடி, அளவு வெட்டித்தான் வரும், துண்டு விழாது. வீட்டு ஜன்னல் வேலையில்தான் மூணு எம்எம், நாலு எம்எம் கட்பீஸ் சேருகிறது. பழைய சாமான்காரர் கொடுக்கும் காசு மூட்டை தூக்குகிற கூலிக்கே காணாது. வைகாசியில் ஒருநாள் கடைக்குப் பின்னால் கூட்டப் போனபோது உன் சூளைமேல் மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தேன். உள்ளே கம்பிச்சுருள் எல்லாம் நன்றாக இருந்தது. தம்பி ஒரு கன்ட்ரோலர் வாங்கி மாட்டிக்கொடுத்தான். இப்போது ராத்திரி முழுக்க உட்கார்ந்து டயலைத் திருப்ப வேண்டியதில்லை.

உன் பழைய நோட்டை வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன். நாற்பது வருஷம் கண்ணாடி வெட்டினவன், கண்ணாடியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். வெட்டத்தான் தெரிந்திருக்கிறது. மூணு எம்எம் துண்டு ஒன்றை மட்டும் உருக்கினால் ஓரம் உள்ளே சுருங்கி முள் முள்ளாக நிற்கிறது. இரண்டு அடுக்கு வைத்தால் ஒழுங்காகப் படிகிறது. உருகின கண்ணாடி தானாகவே இரண்டு நூல் கனத்துக்கு வந்து நிற்கும் என்று 19 வயதில் நீ எழுதிவைத்திருக்கிறாய். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அன்றைக்கு நான் அந்த நோட்டைத் திறந்துகூடப் படித்ததில்லை. இப்போது 66 வயதில் வரி வரியாகப் படிக்கிறேன். பெருமையாக இருக்கிறது பாப்பா.

முதல் நாலு தட்டும் வீண். ஒன்றில் கொப்புளம். உன் நோட்டில் இருக்கிறபடி 650 டிகிரியில் அரைமணி நிறுத்தினதும் அது சரியாயிற்று. இன்னொன்றின்மேல் விபூதி தூவினமாதிரி வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. துண்டுகளை நன்றாகக் கழுவாமல், கைபட்ட அழுக்கோடு வைத்ததால் வந்தது. மூன்றாவதில் அழகாக இருக்குமே என்று அம்மாவின் உடைந்த வளையல் துண்டுகளைப் பதித்தேன். ஆறினதும் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் மயிரிழை விரிசல். வளையல் கண்ணாடி வேறு, ஜன்னல் கண்ணாடி வேறு. இரண்டும் சேர்ந்து உருகும், சேர்ந்து ஆறாது. ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். இப்போது ஒரே பலகையில் விழுந்த துண்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே தேதி எழுதிவைக்கிறேன். நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவசரப்பட்டேன்.

நீ விட்டுப்போன மானிட்டரையும் எடுத்துவைத்தேன். திரையை வெறும் வெள்ளையாக வைத்து, தம்பியின் போலராய்டு கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு, திரை கறுக்கிறவரை தலையைச் சாய்க்கவேண்டும். அப்போது திரைக்கு முன்னால் தட்டைப் பிடித்தால், வேகமாக ஆறினதால் உள்ளே இறுக்கம் எங்கே நின்றுவிட்டதோ அங்கே மட்டும் வெளிச்சம் தெரியும். ஒரு தட்டை நான் நன்றாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்திருந்தேன். விரலால் தடவினால் வழவழப்பு, ஒரு கீறல் கிடையாது. திரைக்கு முன்னால் பிடித்தால் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளையாக எரிகிறது. அதைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இருக்கிற தட்டு என்றைக்கு விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அம்மாவுக்கு உன்மேல் மனத்தாங்கல்தான். தீபாவளிக்குக்கூட நீ முகம் காட்டவில்லை. கேமரா கெட்டுப்போச்சு என்றாய். மூன்று மாசமாகவா ஒரு கேமரா கெட்டுக் கிடக்கும்? அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆடி மாசம் கடைசியாக முகம் பார்த்தபோது உனக்குப் பின்னால் சுவரில் கல்யாணப் போட்டோவும் இல்லை, அலமாரியும் இல்லை. இரண்டு பெட்டிதான் இருந்தது. வெள்ளை அடிக்கிறார்கள் என்றாய். அடித்திருப்பார்கள். உன் பெரியம்மா அன்றைக்கு வந்து அதே பல்லவி பாடினாள். அவள் வாயை எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியும், நீ அதற்காகக் கவலைப்படாதே. ஓசூர் மனை விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது, அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன். மேல்வீட்டு அக்கா மகள் நிச்சயத்துக்கு நாங்கள் போகவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இனி எழுதப்போகிறதைத் தள்ளித் தள்ளித்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

2009 ஆகஸ்ட். ஏரிக்கரை வள்ளுவர் சிலையை 18 வருஷம் மூடிவைத்திருந்து திறந்தார்களே, அந்த மாசம். கண்காட்சிக்காக நீ மயில்கழுத்து நிறத்தில் ஒரு தட்டு செய்தாய். ராத்திரி 820-ஐத் தொட்டு, பத்து நிமிஷம் நிறுத்தி, 550-க்கு இறக்கிவிட்டு எழுந்தாய். காலையில் உனக்கு டெஸ்ட். "அப்பா, 550-லயே ஒரு மணிநேரம் நிக்கணும். அப்புறம் டயலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், 370 வர்ற வரைக்கும். அரைமணிக்கு ஒருதடவை நோட்ல எழுதிடுங்க. மூடியை மட்டும் திறந்துடாதீங்க" என்றாய். நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்றேன்.

நீ போனபிறகு, சூளைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பிளைவுட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. அத்தனையும் கடனுக்கு எடுத்தது. தீப்பிடித்தால் கடையும் போகும், மேலே நீங்கள் எல்லாரும் படுத்திருக்கிறீர்கள். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. மெயினை அணைத்தேன். அப்படியும் சூடு குறையவில்லை என்று சூளை மூடியைத் தூக்கி, இடையில் ஒரு செங்கல் சில்லை வைத்து இரண்டு விரல் அளவு திறந்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் முள் 300-க்குக் கீழே விழுந்துவிட்டது. அதற்கப்புறம் மூடினேன். உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். பிளைவுட்டை நாலு பலகையாக நகர்த்திவைத்திருக்கலாம், அதற்கு அரைமணி போதும். செய்யவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்து 2 மணி 550, 2.30-க்கு 550, 3 மணி 525, 3.30-க்கு 500 என்று விடியும்வரை எழுதினேன். எல்லாம் பொய். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து, நீயே எடுத்துப் பார்த்திருப்பாய்.

ஒன்பதாம் நாள், கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம், யாரும் தொடாமல் மேஜைமேல் இருந்த தட்டு டிக் என்று இரண்டாகப் பிளந்தது. நீ மூன்று ராத்திரி அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசியில் "எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. எனக்குத்தான் கை வரல" என்றாய். நான் எதிரே நின்றுகொண்டு "விடு பாப்பா, போனால் போகுது" என்றேன். அடுத்த வருஷம் அந்த டிசைன் படிப்புக்கு விண்ணப்பம் போடுவதாக இருந்தாய். போடவில்லை. பி.காம் முடித்தாய், ஜாதகம் வந்தது, நல்ல இடம் என்று நான்தான் முந்திக்கொண்டு சரி சொன்னேன். உன்னைக் கேட்டேன்தான். நீ அப்போது எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இத்தனை வருஷம் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. இந்த வைகாசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே உன் எழுத்து, பாதிக்குக் கீழே என் எழுத்து. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் கையில் ஒரு தப்பும் இல்லை பாப்பா. கண்ணாடி சரி, அடுக்கு சரி, சூடு சரி. திறந்தது நான். சின்ன வயதிலிருந்து எது உடைந்தாலும் நீ முதலில் உன் கையைத்தான் பார்த்துக்கொள்வாய். அந்தப் பழக்கம் முற்றிப்போனதற்கு நான் காரணமோ என்று இப்போது யோசிக்கிறேன். இன்றைக்கும் அங்கே தனியாக உட்கார்ந்து, எல்லாம் சரியாகத்தானே செய்தோம், எங்கே தப்பு என்று நீ ஏதாவது ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால், அதிலும் இன்னொருவர் எழுதின பக்கம் இருக்கும் என்பதை மறந்துவிடாதே.

நான் எதையும் கேட்கவில்லை. நீ சொல்லவேண்டும் என்றும் இல்லை. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. தம்பியின் சாமான் கொஞ்சம் கிடந்தது, போன வாரம் எடுத்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டோம். சூளை இருக்கிறது. கட்பீஸ் ஒன்பது டப்பா நிறைய இருக்கிறது, அதில் நீலம் மட்டும் இரண்டு. நீல டப்பாவை நான் தொடவில்லை.

வேலைக்குப் போய்வரும்போது குளிரில் காதைக் கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

மேஜைக்குக் கீழே இருக்கும் தட்டை மறுபடி அனுப்பவேண்டும். அதைத் திரைக்கு முன்னால் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டேன், ஓரம் நடு எல்லாம் இருட்டாகத்தான் இருக்கிறது, எங்கேயும் எரியவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று மட்டும் எழுது. போனமுறை மாப்பிள்ளை பெயரை மேலே போட்டு, கீழே உன் பெயரை எழுதியிருந்தேன். இந்தமுறை உன் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா