சிவப்பு வெளிச்சத்தில் சிக்கிய கணவாய்

ஆசிரியருக்கு,

ஆழ்கடல் கணவாய் பற்றிச் செய்தி வந்தாலே 'கடல் அரக்கன்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதானே பெரிய செய்தி!

பல காலம் ராட்சதக் கணவாய் என்றால், கரை ஒதுங்கிய உடலும் திமிங்கில வயிற்றில் கிடைத்த அதன் வாய் அலகும்தான். ஆய்வுக் கலங்களின் சத்தமும் வெள்ளை விளக்கும் உயிர்களை விரட்டுகின்றன என்று யோசித்தார் அமெரிக்கக் கடல் உயிரியலாளர் எடித் விடர். ஆழ்கடல் உயிர்கள் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் அவருடைய கேமராவுக்குச் சிவப்பு விளக்கு, மோட்டாரே கிடையாது. எதிரில், ஆபத்தில் சிக்கிய ஜெல்லிமீனைப் போல நீல ஒளி சுழலும் தூண்டில். 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் பக்கம் கணவாய் தானாகவே வந்தது. 2019இல் மெக்சிகோ வளைகுடாவில் இன்னொன்று, கரங்களை ஒன்றாகச் சேர்த்து நீட்டி வந்து, தூண்டிலைப் பற்றிப் பார்த்துவிட்டு விலகியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அப்புறம் 2025 மார்ச்சில், தெற்கு அட்லாண்டிக்கின் தெற்கு சாண்ட்விச் தீவுகள் அருகே 600 மீட்டர் ஆழத்தில் வேறோர் இனமான கொலோசல் கணவாயின் குட்டி படமானது; அந்த இனம் தன் இயல்பான ஆழ்கடல் வாழிடத்தில் உயிரோடு படமானது அதுதான் முதன்முறை. நீளம் 30 செ.மீ.தான், உடல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்.

அடுத்த முறை படத்தோடு, கேமரா எப்படி வேலை செய்தது என்றும் நாலு வரி போடுங்கள்.

– ஒரு வாசகர்