ஓட்டு இல்லாதவர்களுக்காக ஒரு கோரிக்கை: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன். இலங்கைத் தமிழ் அகதிகள் விஷயத்தில் உங்களில் பலருடைய கட்சிகள் தேர்தல் அறிக்கையில் ஏதாவது ஒரு வரி எழுதத்தான் செய்கின்றன. தேர்தல் முடிந்ததும் அந்த வரி எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் ராமேசுவரம் பக்கம் வரத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தாய் மடியில் கைக்குழந்தையாக வந்து இறங்கியவர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். அந்தப் பேரப்பிள்ளைக்கும் இந்தியக் குடியுரிமை கிடையாது. இத்தனை வருடங்களில் டெல்லி அமைச்சரவையில் தமிழ்நாட்டுக் கட்சிகள் எத்தனை முறை இடம்பிடித்தன என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்தான் முகாம். ஊரில் எல்லோருக்கும் அது 'கேம்ப்'. 2021இல் மாநில அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நல்ல விஷயம்தான். ஆனாலும் வாயில் கேம்ப் என்றுதான் வருகிறது. என்னிடம் படித்த கேம்ப் பிள்ளைகளில் ஒருவன் பி.காம். முடித்தான், கணக்கில் கெட்டிக்காரன். டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியாது, வங்கித் தேர்வும் எழுத முடியாது. இப்போது கோயம்புத்தூரில் பெயின்ட் அடிக்கிறான். கேம்ப் ஆண்களில் பாதிப் பேர் பெயின்டர்கள்தான். அந்த வேலைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அரசு மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கும் நாளில் குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் பதிவில் சிக்கல். ஆகவே இரவு பஸ் பிடித்து ஊருக்கு வருவான். வருவாய்த்துறைக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், கொஞ்சம் தள்ளி கியூ பிராஞ்ச், அதாவது உளவுப் பிரிவு, போலீஸ்காரர் நிற்பார். நகக்கண்ணில் எமல்ஷன் அப்பிய விரலால் கையெழுத்துப் போட்டு, தன் பங்குக்கான 1,000 ரூபாய்க்கு வரிசையில் நிற்பான். போக வர இரண்டு நாள் சம்பளம் போய்விடும். கணக்கில் கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கணக்கு அவனுக்கும் தெரியும். பணத்துக்காக அவன் வருவதில்லை. பெயர் வெட்டுப்பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாநில அரசுகள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ரேஷன், பள்ளி, கல்லூரிக் கட்டண உதவி எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், இடிந்து விழும் நிலையில் இருந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். பல இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். 10க்கு 10 அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கியதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வீடுகளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அவையின் கையில் இருக்கிறது. அதனால்தான் மடல் கோட்டைக்குப் போகாமல் உங்களிடம் வருகிறது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். முகாமில் பிறந்திருந்தாலும் அப்படித்தான். ஆனாலும் அதை நிலைநாட்ட உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள்: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கேம்ப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது, ஓட்டுக் கேட்டு உங்கள் ஆட்கள் அவள் வீட்டுக்கு வந்தும் போனார்கள். அவள் பெற்ற பிள்ளைக்கு இந்த நாடு சொந்தமில்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆடு மாடு பிரிப்பதுபோல் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த வழியில் வந்தவர்கள் பலர் பின்னாளில் கலவரத்துக்குப் பயந்து படகேறி, இன்று முகாமில் அகதிகளாக இருக்கிறார்கள். மண்டபம் முகாம்கூட அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற கூலியாட்களை அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பிய இடம்தான். இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில் 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அவர்களுடைய விண்ணப்பங்களை 16 வாரங்களில் பரிசீலித்து முடிவெடுக்கச் சொன்னார். ஒப்பந்தம் போட்டது இந்திய அரசு. வாக்கைக் காப்பாற்றச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டியவர்கள் முகாம்வாசிகளா?

சரி, வழி என்ன என்று கேட்பீர்கள். வழியை ஒன்றிய அரசே ஏற்கெனவே ஒருமுறை போட்டுக் காட்டியிருக்கிறது. 2014 டிசம்பர் 31க்குள் வந்த பாகிஸ்தான், வங்கதேச சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் பாஸ்போர்ட் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஆப்கானிஸ்தானைச் சேர்த்தார்கள். நீண்டகால விசா வைத்திருந்தவர்கள் 2018இல் ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்றானது. 2019இல், அப்படி விலக்குப் பெற்றவர்களில் முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று கருதக் கூடாதென்று குடியுரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். 2024 மார்ச்சில் விதிகளும் வந்துவிட்டன. முதலில் விலக்கு, அப்புறம் விசா, அப்புறம் குடியுரிமை.

இப்போது 2025 செப்டம்பருக்கு வாருங்கள். புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் வந்த ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தரப்பட்டிருக்கிறது. செய்தி வந்த அன்று கேம்பில் பட்டாசு வெடிக்காத குறைதான். குடியுரிமையே கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொண்டார்கள். அது வெறும் முதல் படி. ஆனால் அதே முதல் படி. இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் கேளுங்கள், இந்த முறை மதத்தைப் பார்க்காமல் கேளுங்கள். முகாமில் இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

உங்களில் சிலர் 'இரட்டைக் குடியுரிமை' என்று மேடையில் முழங்குகிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அது இல்லை, வரப்போவதும் இல்லை. முடியாததைக் கேட்டுவிட்டு 'கேட்டோம், தரவில்லை' என்று கைகழுவ மட்டுமே அது உதவும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின்போது, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரமா என்று நீதிபதி ஒருவர் கேட்டார். அது வாய்மொழிக் கருத்து, அவரோடு நான் வாதாட வரவில்லை. சத்திரத்தில் தங்குகிறவன் சும்மா படுத்திருப்பான். இவர்கள் 40 வருடமாக நம் வீடுகளுக்குப் பூச்சும் சுண்ணாம்பும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. அதே மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், அன்று அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதற்காக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைதானார். போக விரும்புகிறவர்கள் போகத்தான் வேண்டும். இலங்கையின் வடக்கு கிழக்கில் அவர்கள் தேவை என்று சொல்கிறவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் போவதா இருப்பதா என்று முடிவு செய்ய ஒருவனுக்குக் கையில் ஒரு நாடாவது இருக்க வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழர் என்பதால் மட்டும் கேட்டால் நம் கோரிக்கை பாதிக் கோரிக்கைதான். கேளம்பாக்கத்தில் புயல் காப்பகக் கட்டடத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் வருடக்கணக்காக வாழ்ந்தன. அவர்களுக்காக மேடை போட்டவர்கள் மிகக் குறைவு. சமூகநீதி பேசும் மாநிலத்துக்கு அது அழகல்ல. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கிடையாது. அப்படி ஒரு சட்டத்துக்காக சசி தரூர் 2015இல் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அதைத் தூசுதட்டி எடுக்க உங்களில் ஒருவருக்குக்கூடவா நேரமில்லை?

நான் கேட்பது பெரிய போராட்டமல்ல. 57 பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு உள்துறை அமைச்சரிடம் கொடுங்கள்: விலக்குப் பெற்றவர்களுக்கு நீண்டகால விசா, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் மலையக வழியினருக்கும் முதல் சுற்றிலேயே குடியுரிமை, மற்றவர்களில் விரும்புகிறவர்களுக்கு அடுத்த சுற்றில். கையெழுத்திடாதவர்களின் பெயரையும் வெளியிடுங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம். 2021 கணக்கில் 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். ஒருவருக்கும் உங்களைத் தோற்கடிக்கிற சக்தி இல்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் எங்களுக்கு ஓட்டு இருக்கிறது. உங்கள் தொகுதியில் முகாம் எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். பணம் கொடுக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
முகாமுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் வாக்காளன்