பெஞ்சில் கேப்டன், பத்தி பத்தியாக வதந்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் போர்ச்சுகல் கேப்டன் ரொனால்டோவுக்கும் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சான்டோஸுக்கும் இடையே பனிப்போர் நிலவியதாக வந்த செய்திகளைத் தொடர்ந்து படித்துவந்தேன். தென்கொரியாவுடனான ஆட்டத்தில் தன்னை வெளியே அழைத்தபோது ரொனால்டோ முகம் சுளித்ததும், அது தனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்று சான்டோஸ் வெளிப்படையாகச் சொன்னதும் உண்மைதான். ஆனால், டிசம்பர் 6 அன்று சுவிட்சர்லாந்துக்கு எதிராக பெஞ்சில் (மாற்று வீரர்களுக்கான இருக்கையில்) அமர்த்தப்பட்டதால் அவர் அணியைவிட்டே விலகுவதாக மிரட்டினார் என்ற தகவலைப் போர்ச்சுகல் கால்பந்துச் சம்மேளனம் மறுத்த பிறகும், வதந்தியைப் பத்தி பத்தியாகவும் மறுப்பை ஒற்றை வரியிலும் வெளியிடுவது என்ன நியாயம்?

அன்று அவருடைய இடத்தில் இறங்கிய 21 வயது கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல்கள் அடிக்க, போர்ச்சுகல் 6-1 என வென்றது. பயிற்சியாளரின் முடிவுக்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? ஆட்டம் தொடங்கும் முன்பே புகைப்படக்காரர்கள் களத்தை விட்டுவிட்டு பெஞ்சை மொய்த்ததைத்தான் (கேப்டனின் முகத்தில் கோபம் தெரிகிறதா என்று பார்க்கத்தானே!) என்னால் மறக்க முடியவில்லை. 2016 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியாட்டத்தில் காயமடைந்து அழுதபடி வெளியேறிய இதே ரொனால்டோ, முழங்காலில் கட்டுடன் எல்லைக்கோட்டருகே இதே சான்டோஸின் பக்கத்தில் நின்று சக வீரர்களுக்குக் குரல் கொடுத்த காட்சியை எத்தனை செய்திகள் நினைவூட்டின?

காலிறுதியில் மொராக்கோவிடம் 0-1 என்று தோற்றதற்கும் இந்த மனக்கசப்பையே காரணமாக்குவது, கோல்கீப்பரையும் மிஞ்சி எழும்பித் தலையால் முட்டி கோலடித்த மொராக்கோ வீரர் என்-நெசிரிக்குச் செய்யும் அநீதியாகும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்,
வியாசர்பாடி, சென்னை.