பைக் செயின் சரிசெய்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி

அண்ணா, இந்தப் பதிவு எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

நாள் முழுக்க மழை. முழுச் சுமையோடு வந்த என் டூரிங் பைக்கின் செயின் நெடுஞ்சாலையில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டினேன். நான் கைகூடக் காட்டவில்லை, நீங்களாகவே வண்டியை நிறுத்தி இறங்கி வந்தீர்கள்.

பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று விரலால் தேடினீர்களே, அந்தப் பொறுமை யாருக்கு வரும்! செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, இறுகும் இடத்தில்தான் தொய்வை அளக்க வேண்டும் என்றீர்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். அதைவிட இறுக்கினால், ஆளும் பெட்டிகளும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது பேரிங் அடிவாங்கும். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கக் குறியும் ஒன்றாக வரும்வரை செயினைச் சரிசெய்யும் போல்ட்டுகளைக் கால் கால் சுற்றாகத் திருப்பினீர்கள். அப்புறம் நட்டை இறுக்கி, செயினுக்குப் போடும் உங்கள் லூப்ரிகன்ட்டையே எடுத்து அடித்தும் விட்டீர்கள்.

"ராத்திரி தங்குற இடத்துல நட்டை இன்னொரு தடவை பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். பார்த்தேன் அண்ணா, துளிகூட அசையவில்லை. பெயரைக் கேட்கவும் நேரம் தரவில்லை நீங்கள். மனசார நன்றி.