நாட்சம்பளத்தை எழுதும்போது கிலோவையும் எழுதுங்கள்

இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் சபையில் கடைசியில் முடிவாவது நாட்சம்பளம் என்ற ஒரே ஒரு எண். 2021 மார்ச்சில் அது 1,000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1,350. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்ற பேச்சு வந்தது. அதில் 200 அரசாங்கம் தருவதாகச் சொன்ன வரவுக் கொடுப்பனவு. அந்த எண் மலைக்குப் போய்க் கொழுந்துக்காரியின் கைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றியதுதான் இந்த மடல். தோட்டக் குடும்பங்களின் சம்பளத் துண்டுகளையும் சேமலாப நிதிக் கணக்குகளையும் பார்த்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். ஒரே லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) இருக்கும் பாட்டி, மகள், பேத்தி மூவரின் கணக்கிலும் காசு ஒழுகுகிறது, ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஓட்டை வழியாக.

இந்திய வம்சாவளி என்பதால் பாட்டியின் தலைமுறைக்குக் கடதாசிதான் வினை. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். பிறப்பை ஒழுங்காகப் பதியாத தோட்டங்களில் அதை யார் காட்ட? இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. இவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்த இழுபறி ஓயவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதும் 1984இல்தான் வந்தது.

அது பழைய கதை என்பீர்கள். எங்களுக்கு இன்னும் தினசரி வேலை அது. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சேமலாப நிதியில் மூன்றாவது. 1992இல் தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது பலருக்கு அங்கத்துவ இலக்கமும் இரண்டானது. 50 வயதில் ஒரு பெண் எடுக்கக்கூடிய பணம், சத்தியக் கடதாசி, தோட்ட அலுவலகக் கடிதம், கிராம அலுவலர் உறுதி என்று அலைந்து நிற்கிறது. விண்ணப்பத்தில் ஓர் இலக்கத்தை மட்டும் எழுதினால் மற்றக் கணக்கு அப்படியே கிடந்துவிடும். இரண்டையும் எழுதச் சொல்லுவது எங்கள் முதல் வேலை.

மகளின் தலைமுறைக்குத் தராசு. இதுதான் நேரடியாக உங்கள் பொறுப்பு, ஆகவே கொஞ்சம் விரிவாக. ஒரு தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ என்று வைப்போம். ஒரு நாளில் மூன்று நிறுவை: 7.6, 6.8, 5.9. கூட்டினால் 20.3 கிலோ. நிறுவைக்கு ஒரு கிலோ வீதம் பைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள். மிச்சம் 6.6, 5.8, 4.9. புள்ளிக்குப் பிறகு வருவதை எழுதுவதில்லை. ஆக 6, 5, 4. துண்டில் விழுவது 15. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற தோட்டத்தில் அன்றைய சம்பளம் 1,350இல் பாதி, 675 ரூபாய். பை அரைக் கிலோ என்றே ஒத்துக்கொண்டு கழித்தாலும் 18.8 வந்திருக்கும், முழுப்பேர் விழுந்திருக்கும். (மழை நாளில் இலை கனக்கும் என்பது சரி. ஆனால் வெயில் நாளில் எதற்கு அதே கழிவு என்று கேட்டால் பதில் வருவதில்லை.)

கொழுந்து குறைவதற்கும் அவளைக் குற்றம் சொல்வது அநியாயம். ஏழு, எட்டு நாளில் திரும்ப வரவேண்டிய மலைக்கு ஆள் இல்லாமல் பதினான்காம் நாள் அனுப்பினால் பாதி இலை முற்றிவிடும், முற்றியதைப் பொறுக்கி எறியவே நேரம் போகும். புல் வெட்டாத மலையில் நிரைக்குள் கால் வைக்க முடியாது; குளவிக் கூடு இருப்பதும் கொட்டிய பிறகுதான் தெரியும். விதையில் முளைத்த வயதான விதைத் தேயிலையில், செத்த செடிக்கு மறு செடி வைக்காத மலையில், வெட்டுத்தண்டில் வளர்த்து, கூடுதல் கொழுந்து தரும் வீ.பி. தேயிலையின் கிலோவைக் கேட்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்க மலைகள் காய்ந்து கிடக்கும்போதும் அதே 18. கவ்வாத்து (செடியைக் கத்தரிப்பது), புல்வெட்டு, மறுநடுகை எல்லாம் கம்பனி செய்யவேண்டியவை. அவை நடக்காததன் நட்டத்தை அரைப்பேராகக் கட்டுகிறவள் அவள்.

பேத்தி இந்தத் தராசுக்கே வரமாட்டேன் என்கிறாள். அவள் வயதில் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் நிற்கிறவளிடம் கம்பனி ஆயிரம், இரண்டாயிரம் செடிகளைப் பிரித்துக் கொடுத்து அவுட்குரோவர் என்கிறது. பசளையும் மருந்தும் கம்பனி கொடுக்கும், கொழுந்துக் காசில் பிடித்துக்கொள்ளும். கொழுந்தை அதே கம்பனியின் தொழிற்சாலைக்குத்தான் போடவேண்டும்; விலையைச் சொல்வதும் அவர்களே. நிலமும் செடியும் அவளுடையவை ஆகா. விடியலில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகவேண்டாம், நேரம் அவள் கையில் என்பது மெய்தான், பலர் அதை விரும்பித்தான் எடுக்கிறார்கள். ஆனால் செக்ரோலில் பெயர் இல்லை. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால், கம்பனி கட்டவேண்டிய சேமலாபம் 12 வீதம், 162 ரூபாய்; ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 40 ரூபாய் 50 சதம். மாதம் 25 பேர் என்றால் 5,062 ரூபாய் 50 சதம் அப்படியே நின்றுபோகிறது. வருடத்துக்கு 14 நாட்சம்பளமான பணிக்கொடை, அதே 1,350 வீதத்தில் 18,900 ரூபாய், அதுவும் இல்லை. பாட்டியை நாடு தன் ஆள் இல்லை என்றது. பேத்தியைக் கம்பனி தன் தொழிலாளி இல்லை என்கிறது. உங்கள் வர்த்தமானி எத்தனை ரூபாய் சொன்னாலும் இவளைத் தொடாது.

1941ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் நாட்கூலியோடு, செய்த வேலையின் அளவுக்குக் கொடுக்கும் துண்டு வீதத்தையும், துண்டு வேலைக்காரருக்கு உறுதியான குறைந்தபட்ச வீதத்தையும் நிர்ணயிக்க உங்களுக்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த தீர்மானத்தில் ரூபாய்க்குப் பக்கத்தில் கிலோவும் இருக்கட்டும்: விதைத் தேயிலைக்கு வேறு, வீ.பி.க்கு வேறு, மலை காய்ந்து கிடக்கும் மாதங்களுக்கு வேறு. வேலைக்கு வந்து முழு நேரமும் மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் போடுவதைப் பெயர் சொல்லித் தடுங்கள். வெறும் பையைக் காலையிலேயே நிறுத்து அந்த எடையை மட்டும் கழிக்கவேண்டும், புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் எழுதவேண்டும், ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டுச் சீட்டு கொடுக்கவேண்டும் என்று விதியுங்கள். செடி, மருந்து, விலை, கொள்வனவு நான்கும் ஒரே கம்பனியின் கையில் இருக்கும் இடத்தில், கொழுந்து கொண்டுவருகிறவளுக்குக் கிலோ வீதத்தைச் சபையே நிர்ணயிக்கட்டும், சேமலாபமும் அதன்மேல் கட்டப்படட்டும்.

தீர்மானத்தின் தமிழ்ப் பிரதியை, தராசு கடைசியாகப் பரீட்சிக்கப்பட்ட திகதியோடு, ஒவ்வொரு நிறுவை இடத்திலும் ஒட்டவேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டக் குடும்பங்களின் சம்பள, சேமலாபக் கணக்குகளில் உதவுகிறவர்கள்